ஆற்றுக்குப் போக வேண்டாம் என்று சொன்னவர்

செய்தி வந்தபோது நான் மணியாச்சி சந்திப்பில் ரயிலுக்குள் உட்கார்ந்திருந்தேன். தூத்துக்குடியில் மகள் வீட்டில் சில நாள் இருந்துவிட்டுக் கோவில்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டி வழக்கம்போல அங்கே நின்றுவிட்டது. கைப்பேசியில் கோமதி டீச்சர் பெயர் தெரிந்ததும், "சொல்லுங்க டீச்சர், மணியாச்சிக்கு வந்துட்டேன்" என்றேன்.

வேறொரு பெண்ணின் குரல் வந்தது. "டீச்சர், நான் தங்கம் பேசுதேன். அவிய பக்கத்து வீடு. காலையில கதவே திறக்கல. ஆள வச்சுத் திறந்து பாத்தோம். உறக்கத்துலயே போயிட்டாவ போல. டாக்டரும் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு."

அந்தப் பெண்ணே தொடர்ந்து, "யாருக்கெல்லாம் சொல்லணும், டீச்சர்? போன்ல உங்க பேருதான் முதல்ல கெடக்கு. அதுக்குக் கீழ கேஸ் கம்பெனி" என்றாள்.

கோயம்புத்தூரில் தம்பி மகன் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னேன். அதற்கு மேல் யோசித்தேன். ரயில் கிளம்பி, உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்த கரிசல் நிலங்களுக்கு நடுவே போனபோதும் யோசித்துக்கொண்டே வந்தேன். எத்தனையோ வருடம் எங்கள் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவரிடம் படித்த பெண்கள் இந்த வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் போன் போட்டுச் சொல்ல வேண்டிய ஆள் என்று இன்னொரு பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது எங்காவது இதைப் பார்க்கலாம். தெரியாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

நான் அந்தப் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். பேர் பாக்கியம். பிள்ளைகளுக்குப் பி.டி. டீச்சர். கோமதி டீச்சர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் எடுத்தார். ஆசிரியர் அறையில் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து, சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். கணவர் வடக்கே எங்கோ வேலையில் இருப்பதாக, சேர்ந்த புதிதில் சொன்னாராம். பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். மற்றவர்களும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

அவர் என்னிடம் முதன்முதலாக நின்று பேசியது ஒரு டேப்புக்காக. நீளம் தாண்டுதலையும் குண்டு எறிதலையும் அளக்க விளையாட்டு அறையில் ஒரு பெரிய டேப் இருந்தது. ஒரு நாள் மதியம் அந்த அறை வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், உங்ககிட்ட நீளமான டேப் இருக்காமே. ஒரு நாளைக்குத் தருவீங்களா?"

"தாரேன் டீச்சர். எதுக்கு?"

"ஆத்தை அளக்கணும்."

கோவில்பட்டியில் ஆறு கிடையாது. எந்த ஆறு என்று கேட்டேன். வைப்பாறு என்றார். விளாத்திகுளத்துக்குப் போய் அளக்கப் போவதாகச் சொன்னார்.

"அதுல தண்ணியே கெடையாதே, டீச்சர்."

"தண்ணிய அளக்க டேப் எதுக்கு? ஆத்தைத்தான் அளக்கப் போறோம்" என்றார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

தலைமையாசிரியையும் நான் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார். காய்ந்து கிடக்கிற ஆற்றில் பிள்ளைகள் என்னத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்றார். கோமதி டீச்சர் பொறுமையாகப் பதில் சொன்னார். மேற்கே மலையில் பிறந்து வருகிற ஆறு, கீழே வர வர அகலமாகிறதா, மணல் பொடியாகிறதா, கரையின் சரிவு குறைகிறதா என்று பிள்ளைகள் தாங்களே அளந்து பார்க்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நம் ஊர் ஆறும் அப்படித்தானா என்பதுதான் கேள்வி. "கேள்வி இல்லாம ஆத்துக்குப் போனா அது பிக்னிக் மேடம்" என்றார். இரண்டு ஆசிரியைகள் போவதானால் அனுமதி தருவதாகத் தலைமையாசிரியை சொன்னார். டேப்புக்குச் சொந்தக்காரி என்பதால் இரண்டாவது ஆசிரியை நான் ஆனேன்.

பிள்ளைகளைக் கூட்டிப் போவதற்கு முன்பு இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஒரு சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறி விளாத்திகுளம் போனோம். ஆற்றங்கரையில் நின்று வரைபடம் எதையாவது விரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் தேடியது கக்கூஸை. கரையோரம் இருந்த வீடுகளில் ஒன்றின் கதவைத் தட்டினார்.

"அடுத்த வாரம் இங்கன பள்ளிக்கூடத்துப் பிள்ளைய வருவாங்க. எல்லாம் பொம்பளப் பிள்ளைய. அவசரத்துக்கு உங்க வீட்டு பாத்ரூம்ல விடுவீங்களா?"

அந்த வீட்டுப் பெண் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "விடுதேன். தண்ணிக்கு என்ன செய்வீங்க?"

"டிரம்ல நாங்களே கொண்டாருதோம்."

"அப்பம் சரி."

ஆற்றுக்குப் போகிறவர்கள் கையோடு தண்ணீர் கொண்டு போக வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அடுத்த வேலைக்குப் போய்விட்டார். பாலத்தின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழும், எந்தப் பக்கம் கருவேல முள் குறைவு, பஸ்ஸை எங்கே நிறுத்தினால் பிள்ளைகள் சாலையைக் கடக்காமல் இறங்கலாம், வெயில் தாங்காத பிள்ளையை எங்கே உட்கார வைக்கலாம் என்று ஒவ்வொன்றாக நடந்து பார்த்தார். மணலுக்குள் இறங்கி அக்கரை வரைக்கும் போனோம். திரும்பி வரும்போது நடு ஆற்றில் நின்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவமா? வீட்டுக்குப் போயி என்ன செய்யப் போறோம்?"

எனக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள் காத்திருந்தார்கள். 'போறோம்' என்று அவர் சொன்னது தன் ஒருவரைப் பற்றித்தான். இருந்தும் உட்கார்ந்தேன். அவர் மணலை அள்ளி அள்ளி விரல் வழியே விட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பிள்ளைகளோடு போனோம். சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்த மூங்கில் கம்புகளை வரிசையாக நட்டு, என் டேப்பைக் கம்புக்குக் கம்பு பிடித்து, கரை முதல் கரை வரை அளந்தார்கள். ஒவ்வொரு கம்பிலும் மணல் மட்டம் எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று குறித்தார்கள். மணலைச் சலிக்க ஆளுக்கொரு சல்லடை. எல்லாம் சமையலறைச் சல்லடைகள்தான். கோதுமை சலிப்பது, ரவை சலிப்பது, மாவு சலிப்பது. எந்தச் சல்லடையில் எவ்வளவு மணல் நிற்கிறது என்று பார்த்தார்கள். இதே வேலையை ஆற்றின் மேல்பகுதியில் சாத்தூர் பக்கம் ஒரு தடவையும், கீழே கடலை நெருங்குகிற இடத்தில் ஒரு தடவையும் செய்தார்கள்.

நீரோட்டத்தின் வேகத்தை அளப்பதும் அவருடைய திட்டத்தில் இருந்தது. ஓடுகிற தண்ணீரில் ஓர் ஆரஞ்சுப் பழத்தைப் போட்டு, குறித்த தூரத்தை அது எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆரஞ்சு முக்கால்வாசி முங்கி மிதக்கும், காற்று அதைத் தள்ளாது, தூரத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் என்பார். வருடா வருடம் ஒரு பை ஆரஞ்சும் என் ஸ்டாப்வாட்சும் ஆற்றுக்கு வந்தன. வருடா வருடம் ஆற்றில் தண்ணீர் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலத்து நிழலில் பிள்ளைகள் பழத்தை உரித்துத் தின்றார்கள்.

ஒரு வருடம் நடு ஆற்றில் பெரிய பெரிய குழிகள் கிடந்தன. மணல் அள்ளிய குழிகள். பிள்ளைகள் டேப் பிடித்துக்கொண்டிருந்தபோது கரையிலிருந்து ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக இறங்கி வந்தார்.

"என்ன அளக்குதீங்க? யாரு அனுப்புனா உங்கள?"

பிள்ளைகள் என் பின்னால் ஒதுங்கினார்கள். கோமதி டீச்சர் அவர் எதிரே போய் நின்றார். "யாரும் அனுப்பல அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைய. பாடத்துக்காக அளக்குதோம்."

"ஆத்தை அளங்க. குழிய எதுக்கு அளக்கீங்க?"

"குழி ஆத்துக்குள்ளதான கெடக்கு. எப்படி இருக்கோ அப்படித்தான அளக்கணும்."

அவர் முறைத்துக்கொண்டு நின்றார். டீச்சர் அவரைப் பார்த்தபடியே, "எழுதிக்கோங்கட்டி. இந்த எடத்துல ஆள் உயரத்துக்கு மேல. ஆறு தோண்டுனது இல்ல, ஆள் தோண்டுனதுன்னு பக்கத்துல போடுங்க" என்றார். குரல் உயரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் திரும்பிப் போய்விட்டார். அளந்து முடித்துப் பஸ் ஏறினோம். பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். டீச்சர் கம்புகளை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

காலம் போகப் போகப் புவியியல் பிரிவில் சேரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். கம்ப்யூட்டர் பிரிவுக்கும் வணிகவியலுக்கும் போனார்கள். கடைசியாக ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் அளவுக்குப் பிள்ளைகள் இருந்த வருடத்தில்தான் வைப்பாற்றில் தண்ணீர் வந்தது.

தீபாவளி கழிந்து மேற்கே நல்ல மழை. ஆறு இரு கரையும் தொட்டுப் போகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவள் மாரீஸ்வரி. நாகலாபுரத்துப் பிள்ளை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற தாய்க்கு ஒரே மகள். வானம் பார்த்த ஊர் அது. பக்கத்து ஆற்றில் தண்ணீர் ஓடி அதுவரை அவள் பார்த்ததே இல்லை. வகுப்பில் அவள்தான் எல்லோரையும் கிளப்பிவிட்டாள். பெற்றோர் ஒப்புதல் கடிதங்கள் வந்து சேர்ந்தன. எப்போதும் தயங்குகிற தலைமையாசிரியைகூட, "இந்த வருசமாவது தண்ணி இருக்கு. நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார். கோமதி டீச்சர் அந்த வாரம் முழுக்க வேறு ஆளாக இருந்தார். ஆசிரியர் அறையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த இடத்தில் ஆரஞ்சைப் போடலாம், யார் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டே இருந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

போவதற்கு முந்தின நாள், பள்ளி விட்டதும் வழக்கம்போல இருவரும் பார்க்கப் போனோம். ஆறு அழகாக இருந்தது. வெள்ளம் வடிந்து, முழங்கால் அளவுத் தண்ணீர் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பையன்கள் குதித்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"பிறகு என்ன டீச்சர், நமக்குன்னே வந்த மாதிரி இருக்கு" என்றேன்.

அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு கம்போடு இறங்கினார். காலை எடுத்து வைக்கும் முன் கம்பை ஊன்றிப் பார்த்தார். முழங்கால், முழங்கால், அதற்கும் கீழே. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கம்பு உள்ளே போனது. அவர் குனிந்து, கை முங்குகிற வரைக்கும் இறக்கினார். தரை தட்டவில்லை. மேலே தண்ணீர் எந்த வித்தியாசமும் காட்டாமல் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து பின்வாங்கி, கொஞ்சம் தள்ளி வேறு பக்கம் ஊன்றினார். அங்கேயும் தட்டவில்லை.

கரைக்கு வந்து உட்கார்ந்தார். "குழி எங்கெங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்னு நெனச்சேன், பாக்கியம். போன வருசம் அளந்தோம்லா. எல்லாம் எடம் மாறிட்டு. புதுசா எத்தன தோண்டுனாங்களோ."

கரையில் இருந்தே ஆரஞ்சைப் போடலாமே என்றேன். அவர் எழுந்து கரையோரமாக நடந்தார். ஊறிப்போன மண் ஓரிடத்தில் அவர் காலடியில் பொத்தென்று சரிந்தது. விழவில்லை. ஒரு கருவேலங்கிளையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையில் முள் கிழித்து ரத்தம் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு வேண்டாம்" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை காலை, கிளம்பத் தயாராகப் பள்ளி வாசலில் நின்ற பிள்ளைகளிடம் அவரே போய்ச் சொன்னார். குழியைப் பற்றிச் சொன்னார். கரை சரிந்ததைச் சொன்னார். தண்ணீர் வற்றட்டும், ரெண்டு வாரம் கழித்துப் போவோம் என்றார். பிள்ளைகள் அழுதார்கள். மாரீஸ்வரி அழவில்லை.

"நீங்கதான டீச்சர் தண்ணி வரணும் தண்ணி வரணும்னு சொல்லுவீங்க. இப்ப வந்துருக்கு. போக வேண்டாம்ங்கீங்க."

"ஆமா. வேண்டாம்னுதான் சொல்லுதேன்."

"எல்லாரும் குளிக்கத்தான செய்யுதாங்க."

"அவங்கள நான் கூட்டிட்டுப் போகல. உங்களத்தான் கூட்டிட்டுப் போறேன்."

அந்தப் பிள்ளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு தேர்வு முடிகிறவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள். பதில் சொல்ல மாட்டாள்.

அன்றைக்கு ஆற்றில் ஒன்றும் நடக்கவில்லை. திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் ஒருவர், குடும்பத்தோடு போய் ஆற்றில் நின்று எடுத்த படங்களைக் கைப்பேசியில் எல்லோருக்கும் காட்டினார். "பாருங்க டீச்சர், என் மகனுக்கு முழங்கால் தண்ணிதான்" என்று கோமதி டீச்சர் முன்னால் நீட்டினார். மற்றவர்கள் கவனிக்காதது போல இருந்தார்கள். டீச்சர் கைப்பேசியை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். கையில் முள் கிழித்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அவர் வெளியே போனதும் யாரோ 'பயந்தாங்கொள்ளி' என்றார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது.

மைதானத்து வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்தேன். பிள்ளைகளை அனுப்பிவிட்டு அந்தச் சனிக்கிழமையே தனியாகப் பஸ் ஏறி விளாத்திகுளம் போயிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஒருத்தரா எப்படி டீச்சர் அளந்தீங்க?"

"அளக்கல. பாலத்து மேல நின்னு பாத்துட்டு வந்தேன்."

நான் கேட்டேன். "ஏதாவது நடந்திருந்தா, நீங்க செஞ்சது சரின்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவரிடம் பார்த்த ஒரே கோபம் அதுதான். "ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னுதான பாக்கியம் நாம போய்ப் பாத்தோம்?"

இரண்டு வாரத்தில் தண்ணீர் வற்றவில்லை. பிறகு தேர்வுகள் வந்தன. தலைமையாசிரியை இன்னொரு தடவை அனுமதி தரவில்லை. அடுத்த வருடம் புவியியல் பிரிவில் சேர ஆள் இல்லாததால் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். கோமதி டீச்சர் ஓய்வு பெறும் வரை ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் சமூக அறிவியல் எடுத்தார். மூங்கில் கம்புகளை விளையாட்டு விழாவுக்குக் கொடி கட்ட நான்தான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ளச் சொன்னவர் அவர்.

ஓய்வுக்குப் பிறகும் ஒவ்வொரு கார்த்திகையிலும் தனியாகப் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருவார். பாலத்திலிருந்து எனக்குப் போன் வரும். "தண்ணி இல்ல, பாக்கியம்" என்பார். ஒன்றிரண்டு தடவை, "கொஞ்சம் கெடக்கு." லாரிகள் போகிற சத்தம் கேட்கும். வைத்துவிடுவார். கூட வருகிறேன் என்று நான் ஒவ்வொரு வருடமும் சொன்னேன். பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி என்று ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்று தடுத்தது. அவர் வற்புறுத்தியதில்லை.

மூன்று நான்கு வருடம் முன்பு தூத்துக்குடி போகிற பஸ்ஸில் எப்போதும்வென்றான் ஊரில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் குழந்தை. "பி.டி. டீச்சர்தான நீங்க?" என்றாள். மாரீஸ்வரி. அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். எல்லோரையும் விசாரித்தாள். கோமதி டீச்சரை விசாரிக்கவில்லை. நானாகச் சொன்னேன்.

"அவியளா" என்றாள். சன்னல் பக்கம் பார்த்தாள். "எல்லா செட்டையும் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனாவ. எங்களத்தான் கூட்டிட்டுப் போகல."

"குழி இருந்துச்சு, மாரீஸ்வரி. கம்பு தரை தட்டல. நான் பாத்தேன்."

"இருக்கும் டீச்சர்" என்றாள், நம்பாத குரலில். பிறகு குழந்தை அழ, பேச்சு மாறிவிட்டது.

இதைக் கோமதி டீச்சரிடம் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். ஒரு சாயங்காலம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மாரீஸ்வரியா? நல்லா இருக்காளா? பிள்ளை ஆணா, பொண்ணா?"

"பொண்ணு. டீச்சர், அவளுக்கு இன்னும் உங்க மேல கோவம் போகல."

"இருக்கட்டும் பாக்கியம். உயிரோட இருக்கப் போயிதான கோவப்படுதா" என்றார். எழுந்து உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. வந்து உட்கார்ந்ததும், குழந்தைக்கு என்ன பேர் வைத்திருக்கிறாள் என்று கேட்டார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த தடவை பார்த்தால் கேட்டுச் சொல்லு என்றார்.

சாவு வீட்டில் அதிகம் பேர் இல்லை. பழைய ஆசிரியைகளில் என்னோடு மூன்று பேர். தெருக்காரர்கள் சிலர். தம்பி மகன் மாலைக்குள் வந்து சேர்ந்தார். நல்ல பிள்ளை. ஆனால் அத்தையை அவர் சின்ன வயதில் பார்த்தது. எல்லாம் முடிந்து வந்த பிறகு, படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அத்தைக்கு என்னங்க பிடிக்கும்? படத்துக்கு முன்னால ஏதாவது வைக்கணுமாம்."

எனக்குத் தெரியவில்லை. அவருடைய டிபன் பாக்ஸை எத்தனையோ வருடம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதில் என்ன இருந்தது என்று நினைவுக்கு வரவில்லை. என்னைப் பார்த்துவிட்டுத் தங்கம்தான் பதில் சொன்னாள். "சுக்கு போட்ட டீ தம்பி. சாயங்காலம் ஆனா சூடா ஒரு டம்ளர் குடிப்பாவ. எனக்கும் ஒண்ணு தருவாவ. வாசப்படியில உக்காந்து குடிப்போம். ஒண்ணும் பேச மாட்டாவ." அவளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். ஆவி அடங்கும் வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் யாரிடமும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். திரும்பிப் பார்க்கவும் கூடாது. பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகும் கிளம்பும்போது சொல்கிற அந்த ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

வாரேன், டீச்சர்.